ஒரு பட்டப்படிப்பை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்கும்போது ஆசிரியர் பணியிடங்களைத் திட்டமிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இது தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர், துறைத்தலைவர், டைம்டேபிள் பொறுப்பாளர் ஆகியோருக்கானது. கணக்கு தெளிவாக இருக்க ஒரு மாதிரிக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அரசு உதவிபெறும் தன்னாட்சிக் கல்லூரி அது. ஒரு செக்‌ஷன் உள்ள பி.எஸ்சி. கணிதத்துக்கு 2025-26-தான் கடைசிச் சேர்க்கை. 2026-27 முதல் அந்த இடத்தில் 50 இடங்களோடு பி.எஸ்சி. டேட்டா சயின்ஸ் தொடங்குகிறது. எண்களை உங்கள் கல்லூரிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

1. கணக்குப் போடும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

பழைய படிப்பின் ஆறு செமஸ்டர் ஸ்கீம், புதிய படிப்பின் ஆறு செமஸ்டர் ஸ்கீம், நடப்பு ஆண்டின் ஒற்றை (1, 3, 5), இரட்டை (2, 4, 6) செமஸ்டர் டைம்டேபிள்கள், துறை ஆசிரியர்களின் பிறந்த தேதி, பணிநிலை, தகுதி விவரம், கடைசியாக ஒப்புதலான பணியிட நிர்ணய ஆணை (வகுப்பு மணியை வைத்துத் துறைக்கு எத்தனை பணியிடம் என்று முடிவு செய்யும் ஆணை). இவ்வளவும் வேண்டும்.

புதிய படிப்புக்கு முதல் ஆண்டுப் பாடத்திட்டத்தை மட்டும் பாடத்திட்டக் குழுவில் வைத்துவிட்டு, மீதியைப் பிறகு பார்ப்பது பல இடங்களில் வழக்கம். பணியிடத் திட்டம் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். மூன்றாம் ஆண்டில் எத்தனை லேப், எத்தனை எலெக்டிவ், புராஜெக்ட் உண்டா என்று தெரியாமல் ஆள் கணக்குப் போட முடியாது. விரிவான சிலபஸ் பிறகு வரட்டும். ஆனால் தாளின் பெயர், வார மணி, தியரியா லேபா என்ற மூன்றும் ஆறு செமஸ்டருக்கும் முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

வேலைப்பளு விதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி நேரடி வகுப்பு வாரத்துக்கு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. மொத்தப் பணி நேரம் வாரத்துக்கு 40 மணிக்குக் குறையக் கூடாது.

2. மாணவர் மணியையும் ஆசிரியர் மணியையும் தனித்தனியாக எழுதுங்கள்

டைம்டேபிளில் ஒரு வகுப்புக்கு வாரம் 30 மணி: ஆறு டே ஆர்டர் (கிழமைக்குப் பதில் 1 முதல் 6 வரை எண்ணிட்டுச் சுழலும் வேலை நாள்), நாளுக்கு ஐந்து. இது மாணவர் அமரும் நேரம். தியரி வகுப்பில் மாணவர் மணியும் ஆசிரியர் மணியும் சமம். லேபில் சமம் ஆகாது.

கணினி லேபில் 50 பேரை ஒருவரால் பார்க்க முடியாது. இரண்டு பேட்ச் என்றால் மாணவருக்கு 5 மணி லேப், ஆசிரியர் கணக்கில் 10 மணி. கணிதத் துறைக்கு லேப் பழக்கம் குறைவு என்பதால் இந்த இரட்டிப்பு எளிதில் விட்டுப்போகும். எத்தனை பேருக்கு ஒரு பேட்ச் என்று உங்கள் பல்கலைக்கழக விதி சொல்வதைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள். இல்லையென்றால் பணியிட நிர்ணயத்தின்போது அந்த மணியை அடித்துவிடுவார்கள்.

நம் மாதிரியில் ஒற்றை செமஸ்டர் இப்படி வருகிறது.

கணிதம்: முதலாண்டு கோர் 10, அடிப்படைத் தாள் 2, ஆக 12. இரண்டாமாண்டு கோர் 10, திறன் தாள் 2, ஆக 12. மூன்றாமாண்டு கோர் 20, எலெக்டிவ் 8, ஆக 28. மொத்தம் 52.

டேட்டா சயின்ஸ்: முதலாண்டு தியரி 5, லேப் 5 மணி இரண்டு பேட்சுக்கு 10, அடிப்படைத் தாள் 2, ஆக 17. இரண்டாமாண்டும் இதே முறையில் 17. மூன்றாமாண்டு தியரி 15, லேப் 10, எலெக்டிவ் 8, ஆக 33. மொத்தம் 67.

தமிழ், ஆங்கிலம் இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு செக்‌ஷன் போய் ஒரு செக்‌ஷன் வந்தால் மொழித் துறைகளுக்கு மணி மாறாது. புதிய படிப்பை இரண்டு செக்‌ஷனாகத் தொடங்கினால் மட்டும் அவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

3. துறையிலிருந்து வெளியே போகும் மணியும் வெளியிலிருந்து வரும் மணியும்

படிப்பை மூடினால் துறையையே மூடிவிட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். கணிதத் துறை இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் அலைடு கணிதம் (வேறு துறை மாணவருக்கான துணைப்பாடம்) எடுக்கிறது. அதற்கும் பி.எஸ்சி. கணிதத்துக்கும் தொடர்பில்லை, படிப்பு நின்ற பிறகும் அது தொடரும்.

மாதிரியில் இயற்பியல் 4, வேதியியல் 4, கணினி அறிவியல் இரண்டு செக்‌ஷன் 8, என்.எம்.இ. (பிற துறை மாணவர் தேர்ந்தெடுக்கும் விருப்பத்தாள்) 2, மொத்தம் 18. இதோடு டேட்டா சயின்ஸ் மாணவருக்கு முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் புள்ளியியலும் கணிதமும் அலைடாக வாரம் 4 மணி வரும். அதை எடுக்கப்போவதும் கணிதத் துறைதான்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பி.எஸ்சி. கணித மாணவருக்கு இயற்பியல் துறை அலைடு எடுத்துக்கொண்டிருந்தது. அந்த 4 மணி இனி இல்லை. இயற்பியலில் ஏற்கெனவே மணி விளிம்பில் இருந்தால், உங்கள் துறையில் எடுத்த முடிவு அங்கே ஒருவரின் பணியிடத்தை உரசும். பணியிட நிர்ணயம் வரும் வரை இது யார் கண்ணிலும் படாது. வெளியே போகும் மணிக்கும் உள்ளே வரும் மணிக்கும் இரண்டு பட்டியல் போட்டு, சம்பந்தப்பட்ட துறைத்தலைவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

4. நான்கு ஆண்டுக் கணக்கு: இதுதான் மையம்

பழைய படிப்பு ஒரே நாளில் நிற்பதில்லை. கீழிருந்து, அதாவது முதலாண்டிலிருந்து, ஒவ்வோர் ஆண்டாகக் காலியாகும். புதியதும் கீழிருந்தே ஒவ்வோர் ஆண்டாக நிரம்பும். அதனால் மூடும் ஆண்டு, திறக்கும் ஆண்டு என்று இரண்டு நெடுவரிசை போதாது. நான்கு வேண்டும்.

2025-26: கணிதத் துறை 52 + 18 = 70. டேட்டா சயின்ஸ் 0. மொத்தம் 70.

2026-27: கணிதத்தில் முதலாண்டு இல்லை. 40 + 18 + புதிய அலைடு 4 = 62. டேட்டா சயின்ஸ் 17. மொத்தம் 79.

2027-28: கணிதத்தில் மூன்றாமாண்டு மட்டும். 28 + 18 + 8 = 54. டேட்டா சயின்ஸ் 34. மொத்தம் 88.

2028-29: 0 + 18 + 8 = 26. டேட்டா சயின்ஸ் 67. மொத்தம் 93.

இந்த நான்கு வரிகளை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் கணிதத்தின் மணி ஆண்டுக்கு 8 மட்டுமே குறைகிறது. மூன்றாவது ஜூனில் ஒரே அடியாக 28 குறைகிறது. டேட்டா சயின்ஸ் அதே ஜூனில் 33 மணி கூடுகிறது. காரணம் எளிது: மொழித் தாள்கள் முடிந்துவிடுவதால் மூன்றாமாண்டில் 30 மணியில் பெரும்பகுதி துறையின் தலையில்தான் விழுகிறது.

முதலாண்டு கடந்ததும் ‘பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லையே’ என்ற நிம்மதி வரும். அந்த நிம்மதியை நம்பி மறுபயிற்சியையும் ஆளெடுப்பையும் தள்ளிப்போடும் துறைகள்தான் 2028 ஜூனில் ஒரு பக்கம் வேலையில்லாத ஆசிரியரையும் மறுபக்கம் ஆசிரியரில்லாத வகுப்பையும் சேர்த்துப் பார்க்க நேரும்.

5. இரட்டை செமஸ்டரைத் தனியாகப் போடுங்கள்

ஒற்றை செமஸ்டர் கணக்கை அப்படியே நகலெடுக்க வேண்டாம். ஆறாம் செமஸ்டரில் புராஜெக்ட் இருந்தால், டைம்டேபிளில் அது 5 மணிதான். ஆனால் 50 மாணவரை நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு 12 அல்லது 13 பேர். புராஜெக்ட் வழிகாட்டலுக்கு எத்தனை மாணவருக்கு எத்தனை மணி என்று கல்லூரி அளவில் ஒரு விதியை முன்பே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் அது விதியாக இருக்காது, பேரமாகத்தான் இருக்கும்.

நான் முதல்வன் திட்டப் பாடத்துக்குப் பயிற்றுநர் வெளியிலிருந்து வந்தாலும், வருகைப் பதிவும் மதிப்பெண் பதிவேற்றமும் பார்க்கக் கல்லூரியில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் யார் என்று பட்டியலில் பெயர் இருக்கட்டும்.

இரு செமஸ்டரில் எது கூடுதலோ அதற்கு ஆள் வைத்து, குறைந்த செமஸ்டரில் மிஞ்சும் நேரத்தை மறுபயிற்சிக்கு ஒதுக்குவது நல்ல ஏற்பாடு.

6. கையில் இருப்பவர்களின் உண்மையான மணி

மாதிரித் துறையில் ஓர் இணைப் பேராசிரியரும் நான்கு உதவிப் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். 14 + 64 = 78 மணி. இது காகிதக் கணக்கு. தன்னாட்சிக் கல்லூரியில் ஒருவர் தேர்வுக் கட்டுப்பாட்டாளராக இருப்பார், இன்னொருவர் ஐ.கியூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளராகவோ என்.எஸ்.எஸ். அலுவலராகவோ இருப்பார். அவர்களுக்கு எத்தனை மணி தளர்வு என்பதை நடப்பு டைம்டேபிளிலிருந்து எடுங்கள், விதிப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள்.

அடுத்தது ஓய்வு. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு மாணவர் நலன் கருதி ஆண்டிறுதி வரை மறுநியமனம் தரும் நடைமுறை உண்டு. ஆகவே ஓய்வு நாளை மட்டும் குறிக்காமல், எந்த மே மாதத்துக்குப் பிறகு அவர் இருக்க மாட்டார் என்றும் குறியுங்கள். நம் இணைப் பேராசிரியர் 2027 அக்டோபரில் 60-ஐத் தொடுகிறார் என்று கொண்டால், 2028 மே வரை இருப்பார். 2028 ஜூனில் துறையின் கொள்ளளவு 64. தேவை 26. மிச்சம் 38 மணி, இரண்டு பேருக்கும் மேல்.

மகப்பேறு விடுப்பையும் மறக்க வேண்டாம். அரசு ஊழியர்களுக்கு இப்போது 12 மாதம். மூன்று பேர் மட்டுமே உள்ள புதிய துறையில் ஒருவர் ஓராண்டு இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு மணி போய்விடும்.

வகுத்து வரும் பின்னத்தை ஒவ்வொரு துறையிலும் மேல்நோக்கி முழுமையாக்குவது இன்னொரு பிழை. 26-ஐ 16-ஆல் வகுத்தால் 1.6, 67-ஐ வகுத்தால் 4.2. தனித்தனியே முழுமையாக்கினால் 2 + 5 = 7 பேர். சேர்த்துப் பார்த்தால் 93 மணி, 5.8, அதாவது 6 பேர். அந்த ஏழாவது ஆள் வேண்டுமா வேண்டாமா என்பது அடுத்த படியைப் பொறுத்தது.

7. யார் எந்தத் தாளை எடுக்கலாம்: பெயரும் தாளுமாக ஓர் அட்டவணை

இடப்பக்கம் புதிய படிப்பின் தாள்கள், மேலே ஆசிரியர் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று: இப்போதே எடுப்பார், ஒரு செமஸ்டர் தயாரிப்போடு எடுப்பார், எடுக்க இயலாது. ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று நான்காவது வகை வேண்டாம்.

முறையான தகுதியை முதலில் சோதியுங்கள். உதவிப் பேராசிரியருக்குத் தொடர்புடைய பாடத்தில் 55 விழுக்காட்டுடன் முதுநிலையும், நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சியும், இல்லையேல் விதிகள் விலக்களிக்கும் முனைவர் பட்டமும் வேண்டும். கணித அறிவியலுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்விலேயே புள்ளியியலும் ஒரு பகுதி. எனவே நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம், உகமமாக்கல் (ஆப்டிமைசேஷன்) போன்ற தாள்களைக் கணித ஆசிரியர் எடுப்பதில் கேள்வி எழாது. தரவுத்தளம், மெஷின் லேர்னிங், பிக் டேட்டா போன்றவற்றுக்குக் கணினி அறிவியல் தகுதி உள்ளவரே பாதுகாப்பு. பைத்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதை யார் எடுப்பது என்று பாடத்திட்டக் குழுவின் நிகழ்ச்சிக் குறிப்பிலேயே எழுதி வைப்பது பின்னாளில் உதவும்.

மறுபயிற்சி என்றால் ஒரு வார வகுப்புக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்குவதோடு முடியாது. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் வரும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் 4, 8, 12 வார அளவில் உள்ளன. 12 வாரப் பாடம் ஒன்றைத் தேர்வோடு முடிக்கச் சொல்லுங்கள். அடுத்த செமஸ்டரில் லேபில் இரண்டாவது ஆசிரியராக நிறுத்துங்கள். அதற்கடுத்த முறை தாளைத் தனியாகக் கொடுங்கள். லேபில் பக்கத்தில் நின்ற அந்த ஒரு செமஸ்டரில்தான் மாணவரின் புரோகிராம் எங்கே உடைகிறது என்று பழக்கமாகும். இந்த மூன்று நிலைக்கு ஒன்றரை ஆண்டு பிடிக்கும். 2028 ஜூனிலிருந்து பின்னோக்கி எண்ணினால் தொடக்கம் 2026 டிசம்பருக்குப் பிந்தக் கூடாது.

இரண்டு கணித ஆசிரியர்கள் சேர்ந்து டேட்டா சயின்சின் 67 மணியில் 19 மணியை ஏற்றால் மீதி 48. சரியாக மூன்று புதிய உதவிப் பேராசிரியர்கள். மறுபயிற்சி இல்லாவிட்டால் ஐந்து பேரை எடுத்துக்கொண்டே இரண்டு பேரைச் சும்மா உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

மணி சரியாக இருந்தும் டைம்டேபிள் ஓடாமல் போகக்கூடும் என்பதையும் இங்கே கவனியுங்கள். முதலாண்டில் 17 மணிக்கு ஒருவர் போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டு பேட்சும் ஒரே நேரத்தில் லேபில் இருந்தால் அந்த 5 மணிக்கு இருவர் வேண்டும். இரண்டாவது ஆள் மறுபயிற்சியில் உள்ள கணித ஆசிரியராக இருக்கட்டும், அடிப்படைத் தாளும் அவரிடமே போகட்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அப்போது 10 மணி மட்டுமே வரும். அது வீண் என்று யாராவது சொல்வார்கள். அடுத்த ஆண்டு லேபுக்கான மென்பொருளும் ரெக்கார்டு நோட்டும் வினாவங்கியும் அந்த மீதி நேரத்தில்தான் உருவாகும்.

8. சம்பளம் எந்தக் கணக்கில்

உதவிபெறும் கல்லூரிக்கு இதுவே மிகச் சிக்கலான இடம். நிறுத்தப்படும் படிப்பு அரசு உதவி பெறுவது, புதியது பெரும்பாலும் சுயநிதி. உதவிபெறும் பணியிடத்தில் உள்ளவரின் மணி உதவிபெறும் படிப்புகளில்தான் கணக்கிடப்படும். அவர் சுயநிதி வகுப்பில் 10 மணி எடுத்தாலும் பணியிட நிர்ணயத்தில் அது நிற்காது.

நம் மாதிரியில் 2028-29-ல் கணிதத் துறையின் 26 மணியில் டேட்டா சயின்ஸ் அலைடு 8 மணி. டேட்டா சயின்ஸ் சுயநிதி என்றால் மிஞ்சுவது 18. கணினி அறிவியலில் ஒரு செக்‌ஷன் சுயநிதி என்றால் 14. நான்கு உதவிபெறும் பணியிடம் ஒன்றாகச் சுருங்கும். ஆக, நான்காம் படியில் போட்ட அட்டவணையை உதவிபெறும் மணி, சுயநிதி மணி என்று இரண்டாகப் பிரித்து மறுபடி ஒருமுறை எழுதுங்கள்.

உபரியாகும் ஆசிரியர், காலியாகும் பணியிடம், படிப்பை நிறுத்த அனுமதி ஆகிய மூன்றையும் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் கிடைத்த உறுதியை நம்பிச் சேர்க்கையை நிறுத்த வேண்டாம். பதில் வரும் முன்பு நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றுவதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஒப்பந்த ஆசிரியரை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், 2018 விதிமுறை ஒப்பந்த நியமனத்தை மொத்த ஆசிரியர் பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்குள் நிறுத்துகிறது. பி.எஸ்சி.க்குப் பதிலாக பி.சி.ஏ. தொடங்குவதாக இருந்தால் 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலும் தேவை. அவர்களின் ஆசிரியர் விகிதம் வேறு கணக்கு.

9. ஆளெடுப்பு நாட்காட்டி

மாதிரியில் ஆண்டுக்கு ஒருவர்: 2026, 2027, 2028 ஜூன்களில். ஜூனில் ஆள் வகுப்பில் நிற்க வேண்டுமென்றால் முந்தைய நவம்பரில் வேலை தொடங்க வேண்டும். நவம்பரில் மணிக் கணக்கு முடிவு, டிசம்பரில் இனச்சுழற்சிப் பட்டியல் (இட ஒதுக்கீட்டு வரிசை) சரிபார்ப்பு, ஜனவரியில் விளம்பரம், மார்ச்சில் நேர்காணல், ஏப்ரலில் ஆணை. தேர்வானவர் வேறு கல்லூரியில் இருந்தால் விடுபட மூன்று மாதம் கேட்பார். அந்தக் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் ‘டேட்டா சயின்ஸ்’ என்று மட்டும் போடாதீர்கள். எந்த முதுநிலைப் பட்டங்கள் ஏற்கப்படும் என்று விரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் தகுதி ஒப்புதலின்போது பட்டத்தின் பெயர் பொருந்தவில்லை என்று கோப்பு திரும்பும்.

ஆசிரியரல்லாத பணியாளரையும் இதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். லேபே இல்லாமல் இருந்த துறைக்கு லேப் வருகிறது. கணினிகளைப் பராமரிக்க ஆள் வைக்காவிட்டால் அந்த வேலையும் புதிய உதவிப் பேராசிரியர் தலையில்தான் விழும்.

10. துறையிடம் எப்போது சொல்வது

நான்கு ஆண்டு அட்டவணை தயாரானவுடன், பாடத்திட்டக் குழு கூடும் முன். ஆசிரியர்கள் வேறு வழியாகக் கேள்விப்பட்டால் நல்லவர்கள் முதலில் வெளியேறுவார்கள், அதுவும் கடைசி கணித பேட்ச் மூன்றாமாண்டில் இருக்கும்போது. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, அவர் பெயருக்கு எதிரே எந்த ஆண்டில் எந்தத் தாள் எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டுங்கள். எழுத இடமில்லாத ஒருவர் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஓய்வு, இடமாற்றம், வேறு துறை அலைடு என்று என்ன வழி உண்டோ அதை அவரே தேர்ந்தெடுக்க இரண்டு ஆண்டு இருக்கிறது.

11. கடைசி பேட்ச் போன பிறகும் மிஞ்சும் வேலை

2025-26-ல் சேர்ந்தவர்கள் 2028 ஏப்ரலில் முடிப்பார்கள். அரியர் உள்ளவர்களுக்கு யு.ஜி.சி. வழிகாட்டுதல்படி கூடுதலாக இரண்டு ஆண்டு, அதாவது 2030 வரை தேர்வு நடத்த வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் இதைவிடக் கூடுதல் காலம் கொடுத்தால் அதையே பின்பற்றுங்கள். வினாத்தாள் தயாரிப்பு, மதிப்பீடு, இன்டர்னல் மதிப்பெண்ணை மேம்படுத்தல் எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டும். எந்த வகுப்பும் இல்லாததால் இந்த மணி டைம்டேபிளில் வராது.

நடுவில் நின்றுபோய் மீண்டும் சேர வரும் மாணவர் இன்னொரு சிக்கல். 2027-ல் இரண்டாமாண்டுக்குத் திரும்ப வருபவருக்கு அந்த வகுப்பே இருக்காது. பழைய தாளுக்கு எந்தப் புதிய தாள் ஈடு என்ற பட்டியலைக் கல்விக்குழுவில் 2026-லேயே நிறைவேற்றிவிட்டால், ஒரே ஒரு மாணவருக்காக ஓர் ஆசிரியர் தனி வகுப்பு எடுக்க வேண்டியிருக்காது.

12. சேர்க்கை முடிந்ததும் மறுகணக்கு

ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை மூடியவுடன் அட்டவணையைத் திறந்து உண்மை எண்களைப் போடுங்கள். 50 இடத்துக்கு 28 பேர் சேர்ந்தால் லேப் ஒரே பேட்சாகும். முதலாண்டு 17 மணி 12 ஆகும், அந்த பேட்ச் மூன்றாமாண்டு போகும்போது 33 மணி 28 ஆகும். அந்நிலையில் 2028-க்கான மூன்றாவது நியமனத்தை நிறுத்தி வைக்கலாம். ஆனால் ஓராண்டுச் சேர்க்கையை வைத்து அதை ரத்து செய்ய வேண்டாம். இரண்டாவது சேர்க்கையும் குறைந்தால் மட்டும் ரத்து செய்யுங்கள்.

இடம் நிரம்பி வழிந்து கூடுதல் செக்‌ஷன் கேட்டு நிர்வாகம் அழுத்தினால், முதலாண்டு 17 மணியைக் காட்டாதீர்கள். மூன்றாமாண்டு 33 மணியைக் காட்டுங்கள். அதற்கு இரண்டு ஆசிரியர் வேண்டும், கூடவே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் முதலாண்டு, இரண்டாமாண்டு வகுப்பு ஒவ்வொன்றிலும் தலா வாரம் 6 மணி கூடும்.